தொலைவில் பின்தொடர்ந்தவர்கள்: எண்டோவின் ‘மௌனம்’ நாவலை முன்வைத்து

கலிலேயக் கடற்கரையில் வலை வீசிக்கொண்டிருந்த மீனவரை நோக்கி இயேசு விடுத்த அழைப்பை நாம் அனைவரும் அறிவோம். ‘பின்செல்லுதல்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் எழும் காட்சியும் அதுவே. வலைகளை அங்கேயே விட்டுவிட்டுப் பேதுருவும் அந்திரேயாவும் எழுந்து நடக்கிறார்கள். மறையுரைகளில் இக்காட்சி தவறாமல் இடம்பெறுகிறது. ஆனால் மாற்கு நற்செய்தியாளர் அதே வினைச்சொல்லை அதே பேதுருவைக் குறித்து மீண்டும் ஒருமுறை கையாளுகிறார் என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. இயேசு கைது செய்யப்பட்டுத் தலைமைக் குருவின் இல்லத்துக்கு இழுத்துச் செல்லப்படுகிறார். சீடர்கள் சிதறி ஓடிவிட்டனர். பேதுரு மட்டும் தொலைவில் பின்தொடர்ந்து செல்கிறார் (மாற் 14:54). இன்னும் சற்று நேரத்தில் மும்முறை மறுதலிக்கப்போகும் மனிதரின் நடைக்கும் நற்செய்தியில் ‘பின்செல்லுதல்’ என்றே பெயர்!

அன்பு இல்லாதவராயின் அவர் அம்முற்றத்துக்கு வந்தே இருக்கமாட்டார். துணிவு உடையவராயின் தொலைவில் நின்றிருக்கமாட்டார். அன்புக்கும் அச்சத்துக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில்தான் நம்மில் பெரும்பாலோர் வாழ்ந்துவருகிறோம். நம் முன்னோர் இராயப்பர் என்று அழைத்த அந்தத் திருத்தூதரின் தொலைதூர நடையைச் சீடத்துவம் என்று கொள்வதா, கோழைத்தனம் என்று தள்ளுவதா? இக்கேள்வியை உயிரோட்டமுள்ள கதையாக்கித் தந்தவர் ஜப்பானியக் கத்தோலிக்க எழுத்தாளர் ஷூசாகு எண்டோ. 1966-இல் வெளிவந்து தனிசாகி பரிசு பெற்ற அவரது ‘மௌனம்’ என்னும் நாவலை, இயேசு சபைக் குருவான வில்லியம் ஜான்ஸ்டன் 1969-இல் ஆங்கிலத்தில் தந்தார். அம்மொழிபெயர்ப்பின் வழியே அதனை மீண்டும் வாசித்தபோது எழுந்த சிந்தனைகளையே இங்கு வாசகர்முன் வைக்கிறோம்.

நூலின் களம்

நாவலின் களம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவ மக்களிடையே நடந்து திரிந்த புனித சவேரியாரே 1549 ஆகஸ்டு 15-ஆம் நாள் ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். அங்கே விரைந்து வளர்ந்த திருச்சபை, விரைவிலேயே புயலையும் சந்தித்தது. 1597 பெப்ரவரி 5-ஆம் நாள் நாகசாகியில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டனர். 1614-இல் கிறிஸ்தவம் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. கிறிஸ்துவின் அல்லது அன்னை மரியாவின் உருவம் பொறித்த தகட்டைத் தரையில் வைத்து, அதன்மேல் கால்வைத்துத் தாம் கிறிஸ்தவர் அல்லர் என்று மெய்ப்பிக்கும்படி மக்கள் கட்டாயப்படுத்தப்பட்டனர். அத்தகட்டின் பெயர் ஃபூமியெ. மறைசாட்சிகளை உருவாக்குவதைவிட மறுதலித்தவர்களை உருவாக்குவதே திருச்சபையை அழிக்கும் வழி என்பதை ஆட்சியாளர் கண்டுகொண்டிருந்தனர். குழிக்குமேல் தலைகீழாகத் தொங்கவிட்டு, காதுக்குப் பின்னே சிறு துளையிட்டு, இரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக வடியச்செய்யும் வதை அதற்காகவே வகுக்கப்பட்டது. 1633-இல் அவ்வதைக்கு உள்ளான கிறிஸ்டோவாவ் பெரெய்ரா என்னும் இயேசு சபைத் தலைவர் நம்பிக்கையை மறுதலித்தார். இது வரலாறு.

நாவல் இங்கிருந்து தொடங்குகிறது. பெரெய்ராவின் மாணவர்களான ரொட்ரிகஸ், கார்ப்பே என்னும் இரு இளம் போர்த்துக்கீசியக் குருக்கள், தங்கள் ஆசான் வீழ்ந்தார் என்பதை நம்பமுடியாமல் ஜப்பானுக்குள் மறைவாக நுழைகின்றனர். 1643-இல் ஜப்பானில் சிறைப்பட்ட யோசேப்பு கியாரா என்னும் இத்தாலியக் குருவின் வாழ்வே ரொட்ரிகஸ் என்னும் பாத்திரத்துக்கு அடிப்படை. அவர்களுக்கு வழிகாட்டியாக வாய்த்தவன் கிச்சிஜிரோ. குடிகாரன், பொய்யன், தன் குடும்பத்தார் எரியூட்டப்பட்டபோது தான் மட்டும் ஃபூமியெயின்மேல் கால்வைத்து உயிர் தப்பியவன். மறைந்து வாழும் ஏழைக் கிறிஸ்தவ உழவர்களின் சிற்றூரில் குருக்கள் தஞ்சம் புகுகின்றனர். அவ்வூராருள் மோக்கிச்சி, இச்சிசோ என்னும் இருவர், கடலில் நட்ட மரங்களில் கட்டப்பட்டு, ஏறியிறங்கும் அலைகளில் மெல்ல மெல்ல மடிகின்றனர். கிச்சிஜிரோ ரொட்ரிகஸைக் காட்டிக்கொடுக்கிறான். சிறைப்பட்ட ரொட்ரிகஸ் ஓரிரவு முழுவதும் காவலரின் குறட்டை என்று எண்ணி எரிச்சலோடு கேட்டுக்கொண்டிருந்த ஒலி, குழிக்குமேல் தொங்கும் உழவர்களின் முனகல் என்று அறிய நேர்கிறது. அவர்கள் ஏற்கெனவே மறுதலித்துவிட்டவர்கள். குரு மறுதலிக்கும்வரை அவர்களுக்கு விடுதலை இல்லை. விடியும் வேளையில் ரொட்ரிகஸ் தகட்டின்மேல் காலை வைக்கிறார்.

முகமும் முதுகும்

இந்நாவலைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் அந்த ஒரு கணத்தையே சுற்றிவருகின்றன. ரொட்ரிகஸ் செய்தது அன்பா, துரோகமா? நூல் வெளிவந்தபோது ஜப்பானியக் கத்தோலிக்கரிடையே எழுந்த கடும் எதிர்ப்பும் இக்கேள்வியைப் பற்றியதே. ஆயினும் அக்கணத்துக்கு முன்னுள்ள பக்கங்களைக் கூர்ந்து வாசிப்போருக்கு எண்டோ வேறொன்றையும் காட்டுகிறார் என்பது நம் கருத்து.

ரொட்ரிகஸ் கிறிஸ்துவின் முகத்தைக் காதலிக்கிறார். இளமை தொட்டு ஓவியங்களில் கண்ட அந்த அழகிய, அமைதியான, வலிமை மிக்க முகத்தைக் காட்டிலும் வைக்கோலிலும் மனத்திரையில் வரைந்து மகிழ்கிறார். இதில் குறை காண இயலாது. ஆனால் கதை வளர வளர, அவர் தம்மையே கிறிஸ்துவின் இடத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்குகிறார். கழுதைமேல் ஏற்றப்பட்டு ஏளனக் கூச்சலிடையே ஊர்வலமாகச் செல்லும்போது எருசலேமின் வீதிகள் அவருக்கு நினைவுக்கு வருகின்றன. கருவாட்டைத் தின்னத் தந்து, தாகத்துக்குத் தண்ணீர் தேடுவதாகச் சொல்லிக் காட்டிக்கொடுத்த கிச்சிஜிரோவை அவர் யூதாசாகவே காண்கிறார். பாடுகளின் வரலாற்றில் நாயகனின் பாத்திரம் தமக்கே ஒதுக்கப்பட்டதாக அவர் நம்புகிறார். எண்டோ இதனைச் சாடுவதில்லை. முதல் பகுதி முழுவதையும் ரொட்ரிகஸ் எழுதும் மடல்களாகவே அமைத்து, அவரது வாய்மொழியாலேயே நம்மை உணரவைக்கிறார்.

பின்செல்பவன் காண்பது முகத்தையன்று, முதுகை. நாவலை வாசித்து முடித்தபின் நம் நெஞ்சில் தங்கிய உண்மை இதுதான். செசரியா பிலிப்புக்கு அருகில் பேதுரு ஆண்டவருக்கே அறிவுரை கூற முனைந்தபோது, எனக்குப் பின்னே போ என்ற பொருள்பட இயேசு கடிந்துகொண்டார் (மாற் 8:33). அது கடிதல் மட்டுமன்று. சீடனுக்குரிய இடத்தைச் சுட்டுதலும் ஆகும். சீரேனே ஊரானான சீமோனும் இயேசுவுக்குப் பின்னேதான் சிலுவையைச் சுமந்து சென்றான் என்கிறார் லூக்கா (லூக் 23:26). சீடன் இயேசுவின் இடத்தை எடுத்துக்கொள்பவன் அல்லன். அவர் நடந்த புழுதியில் கால்வைப்பவன். இந்த வேறுபாட்டை மறக்கும்போது, மிக உயர்ந்த தியாகமும் ஒரு நடிப்பாகிவிடக்கூடும்.

ஆகவேதான் அந்த விடியற்காலைக் காட்சியின் இறுதியில் எண்டோ வைக்கும் சிறு ஒலி பெரும் பொருள் உடையதாகிறது. ரொட்ரிகஸ் காலை வைக்கிறார். தொலைவில் சேவல் கூவுகிறது. அந்த ஒரு கூவலில் பாத்திரங்கள் இடம் மாறிவிடுகின்றன. இதுவரை கிறிஸ்துவாகத் தம்மைக் கண்டவர், இப்போது பேதுருவாகத் தம்மைக் காண்கிறார். அவர் காலடியில் கிடப்பது ஓவியங்களின் அழகிய முகமும் அன்று. எண்ணற்ற கால்கள் மிதித்துத் தேய்ந்து குழிந்துபோன முகம் அது. தாம் வரைந்த முகத்தை இழந்த நாளில்தான் அவர் பின்செல்லத் தொடங்குகிறார் என்றே நாம் வாசிக்கிறோம்.

கிச்சிஜிரோ என்னும் சீடன்

அப்படியானால் நாவலில் தொடக்கமுதல் இறுதிவரை பின்சென்றவன் யார்? விடை வியப்பளிப்பது: கிச்சிஜிரோ. உருவகமாகச் சொல்லவில்லை, உள்ளபடியே அவன் பின்னால் வருகிறான். மலைப்பாதையில் குருவைப் பின்தொடர்கிறான். காட்டிக்கொடுத்த பிறகும் கைதிகளின் ஊர்வலத்துக்குப் பின்னே தொலைவில் ஓடிவருகிறான். மழையில் நனைந்தபடி சிறைவாயிலில் நின்று தானும் கிறிஸ்தவனே என்று கத்துகிறான். துரத்துகிறார்கள், மீண்டும் வருகிறான். இறுதியில், ஜப்பானியப் பெயர் சூட்டப்பட்டு வீட்டுக்காவலில் வாழும் வீழ்ந்த குருவிடமும் அவனே வந்து பாவமன்னிப்புக் கேட்கிறான்.

துன்புறுத்தல் இல்லாத காலத்தில் பிறந்திருந்தால் தானும் நல்ல கிறிஸ்தவனாகவே வாழ்ந்து மடிந்திருப்பேன் என்று அவன் ஓரிடத்தில் புலம்புகிறான். வலிமையற்றவனாகப் படைத்துவிட்டு வலிமையோடு நட என்றால் எப்படி என்பது அவன் முறையீடு. இவ்வரிகளைக் கடந்து செல்வது நமக்கு எளிதாயில்லை. ஏனெனில் அவன் ஏங்கிய அந்தக் காலத்தில்தான் நம்மில் மிகப் பலர் பிறந்திருக்கிறோம். ஞாயிறுதோறும் அச்சமின்றித் திருப்பலிக்குச் செல்கிறோம். திருவிழாவில் தேர் இழுக்கிறோம். கிச்சிஜிரோவுக்கு வாய்த்த சோதனை நமக்கு வாய்க்கவில்லை என்பதனாலேயே நாம் அவனைவிட மேலானவர்கள் ஆகிவிடுவோமா?

நாம் உடன்படாத இடம்

எனினும் நாவலாசிரியரோடு நாம் முற்றிலும் உடன்பட முடியவில்லை. கிறிஸ்துவின் குரல் தகட்டிலிருந்து ஒலிப்பதாக எண்டோ எழுதுகிறார். மிதிக்கும்படி அக்குரல் சொல்கிறது. குருவின் காதில் ஒலித்த அக்குரல், கடலில் கட்டுண்டு கிடந்த மோக்கிச்சிக்கு ஒலித்ததாக நாவலில் இல்லை. மோக்கிச்சியும் தகட்டின்மேல் கால்வைத்தவனே. மிதித்துவிடும்படி அவனுக்குச் சொன்னவரும் ரொட்ரிகஸே. உடனிருந்த கார்ப்பே அதனை ஏற்கவில்லை. ஆனால் சிலுவையின்மேல் காறி உமிழ்ந்து அன்னை மரியாவை இழித்துரைக்கும்படி பணிக்கப்பட்டபோது மோக்கிச்சியால் இயலவில்லை. கடலில் இரு நாள்களுக்கு மேல் உயிர் பிரியாமல் கிடந்தபோதும் அவன் பாடினான். கரையில் ஒளிந்திருந்து பார்த்த குருவுக்கு அந்த மரணம் இறைவனின் மௌனமாகத் தோன்றியது. பாடிய மோக்கிச்சிக்கு அது எவ்வாறு தோன்றியது? நாவல் அவனுள்ளே நுழைவதே இல்லை. படித்தவரின் ஐயத்துக்கு முந்நூறு பக்கங்களும், பாமரனின் பற்றுறுதிக்குச் சில பக்கங்களுமே கிடைத்திருக்கின்றன. இது நாவலின் குறை என்றே கருதுகிறோம்.

மற்றொன்றும் உண்டு. மிதித்தல் ஒருநாளோடு முடிந்துவிடவில்லை. கப்பலில் வரும் சரக்குகளில் கிறிஸ்தவச் சின்னங்கள் உள்ளனவா என்று சோதித்துத் தரும் வேலை ரொட்ரிகஸுக்குத் தரப்படுகிறது. பின்னர் மறுதலிப்பை எழுத்திலும் எழுதிக்கொடுக்கிறார். அன்பினால் வைத்த கால் என்றாலும், அதன் பிறகு அக்கால் யாருடைய பாதையில் நடந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது. இதனை எண்டோ மறைக்கவில்லை என்பது அவரது நேர்மைக்குச் சான்று. நூலின் கடைசிப் பகுதி ஓர் அலுவலரின் உணர்ச்சியற்ற நாள்குறிப்பாக வறண்டு கிடக்கிறது. அந்த வறண்ட குறிப்புகளின் நடுவேதான், ரொட்ரிகஸின் பணியாளாகிவிட்ட கிச்சிஜிரோவின் கழுத்துப் பையில் கிறிஸ்தவப் புனிதப் பொருள் ஒன்று கண்டெடுக்கப்பட்ட செய்தி வருகிறது. ஆசிரியர் அதுபற்றி ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

வரலாறு தந்த விடை

நாவலில் ஆளுநர் இனோயே, ஜப்பான் ஒரு சதுப்பு நிலம், இங்கே கிறிஸ்தவம் வேரூன்றாது என்று வாதிடுகிறார். நாவலுக்குள் அவ்வாதத்துக்கு முழு விடை இல்லை. வரலாற்றில் இருக்கிறது. 1865 மார்ச் 17-ஆம் நாள், நாகசாகியின் ஓவுரா என்னுமிடத்தில் புதிதாக எழுப்பப்பட்டிருந்த ஆலயத்துக்குள் உராகாமி ஊரைச் சேர்ந்த சில எளிய மக்கள் நுழைந்தனர். பெர்னார்டு பெத்திழான் என்னும் பிரெஞ்சுக் குருவை அணுகி, தங்கள் நெஞ்சமும் அவர் நெஞ்சமும் ஒன்றே என்று மெல்லச் சொல்லி, அன்னை மரியாவின் சுரூபம் எங்கே என்று கேட்டனர். குருக்கள் இல்லாமல், திருப்பலி இல்லாமல், இருநூறு ஆண்டுகளுக்கு மேல் திருமுழுக்கையும் செபங்களையும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த மக்கள் அவர்கள்.

அவர்கள் எவ்வாறு காத்தனர்? நாகசாகிப் பகுதியில் ஆண்டுதோறும் ஃபூமியெ சோதனை நடந்தது. அவர்களும் மிதித்தனர். வீட்டுக்குத் திரும்பி உத்தம மனஸ்தாப செபத்தைச் சொல்லி அழுதனர். பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லாத காலத்தில் மனஸ்தாபம் ஒன்றே கதி என்று கற்பித்த சிறு நூலொன்று அவர்கள் கைகளில் இருந்தது. மறைசாட்சிகளின் இரத்தம் திருச்சபையின் வித்து என்று நாம் கூறுவது முற்றிலும் உண்மை. ஆனால் அந்த வித்தை இரு நூற்றாண்டுகளுக்கு மேல் தம்முள் மறைத்து வைத்திருந்த மண், மிதித்துவிட்டு வீடு திரும்பி அழுத மக்களே. அதே உராகாமி மக்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர், தம் நம்பிக்கையை வெளிப்படையாக அறிவித்ததால் 1868 முதல் நாடுகடத்தப்பட்டனர். அறுநூறு பேருக்கும் மேல் அங்கே மடிந்தனர். எஞ்சியோர் 1873-இல் தடை நீங்கியபின் ஊர் திரும்பினர். மிதித்தவர்களின் பேரப்பிள்ளைகள் சாட்சிகளாயினர்! சதுப்பு நிலத்தில் வேர் அழுகிவிடவில்லை.

நம் வாயிற்படியில்

நம் தமிழ்நாட்டுத் திருச்சபையும் சாட்சிகளைப் பெற்ற திருச்சபையே. 1693-இல் ஓரியூரில் தலை வெட்டுண்ட புனித அருளானந்தரையும், 1752-இல் ஆரல்வாய்மொழியில் சுடப்பட்டு மாண்டு 2022-இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயத்தையும் நாம் பெருமையோடு கொண்டாடுகிறோம். கொண்டாடவும் வேண்டும். ஆனால் அப்பெருமை நம் கையில் சில வேளைகளில் கல்லாக மாறிவிடுகிறது.

நாம் அறிந்த ஒரு பங்கில் நடந்தது இது. ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வந்து கடைசித் தூணருகே நிற்பார் ஒருவர். அன்பியப் பொறுப்புக்கு அவர் பெயரை ஒருவர் முன்மொழிந்தபோது மற்றொருவர் எழுந்து, “சான்றிதழில் அவர் யார் என்று முதலில் கேளுங்கள்” என்றார். அவர் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழில் ‘இந்து’ என்று எழுதப்பட்டிருந்தது எல்லாரும் அறிந்ததே. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் இனத்தார் என்ற தகுதியை முதலில் இந்துக்களுக்கு மட்டுமே உரியதாக்கியது. 1956-இல் சீக்கியருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் அது விரிக்கப்பட்டது, கிறிஸ்தவருக்கு விரிக்கப்படவில்லை. திருமுழுக்குப் பெற்றதனால் சாதி இழிவு ஒழிந்துவிடவில்லை என்பதை, நம் கல்லறைத் தோட்டங்களிலேயே சுவர் எழுப்பியவர்களாகிய நாம் நன்கு அறிவோம். இழிவு நீங்காமல் உரிமை மட்டும் நீங்கிய ஒரு தகப்பன், பிள்ளையின் படிப்பையும் தன் பெயரையும் எடைபோட நேர்கிறது. அது குருதி சிந்தும் கொடுமைக்கு ஒப்பானது என்று நாம் மிகைப்படுத்தவில்லை. பொய் எழுதுவது நன்று என்றும் சொல்லவில்லை. உண்மைக்கும் உணவுக்கும் நடுவே ஒரு மனிதனை நிறுத்திய அநீதியைக் கேளாமல், அவனை மட்டும் கூண்டில் ஏற்றும் உரிமை நமக்கு உண்டா என்றே கேட்கிறோம். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவர் தூணருகிலும் காணப்படவில்லை. தகட்டைத் தரையில் வைத்தவர்கள் அன்று யார் என்ற கேள்வி நம்மை விட்டு அகலவில்லை.

தொலைவில் பின்தொடர்ந்த பேதுரு கரிநெருப்பருகே நின்று மறுதலித்தார் (யோவா 18:18). உயிர்த்த ஆண்டவர் அவருக்காகத் திபேரியக் கடற்கரையில் மூட்டியதும் கரிநெருப்பே (யோவா 21:9). அங்கே விசாரணை இல்லை. அன்பு செய்கிறாயா என்ற கேள்வி மட்டுமே மும்முறை எழுந்தது. அதன் பின்னரே, கலிலேயாவில் தொடங்கிய அழைப்பு மீண்டும் அவருக்குக் கிடைத்தது. நற்செய்தியில் இயேசுவின் கடைசி அழைப்பைப் பெற்றவர் மறுதலித்த மனிதர்.

அழைப்பைப் பெற்றவுடன் பேதுரு என்ன செய்தார்? திரும்பிப் பார்த்தார். பின்னால் வரும் மற்றச் சீடரைச் சுட்டி, இவருக்கு என்ன ஆகும் என்று கேட்டார். அது உனக்கு எதற்கு, நீ என்னைப் பின்தொடர் என்ற பொருளிலேயே ஆண்டவரின் விடை அமைந்தது (யோவா 21:22). பிறர் எவ்வளவு தொலைவில் வருகிறார்கள் என்று அளக்கத் திரும்பும் நொடியில் நாம் ஆண்டவரின் முதுகைப் பார்வையிலிருந்து இழக்கிறோம். கிச்சிஜிரோவை நிறுத்துப் பார்க்க விரும்பும் வாசகருக்கும், கடைசித் தூணருகே நின்றவரை நிறுத்துப் பார்த்த பங்குக்கும் அந்த விடையே போதும் என்று எண்ணுகிறோம். அவரை மீண்டும் அழைத்துவர யாரேனும் அவர் வீட்டுக்குச் சென்றால், அதுவும் பின்செல்லுதலே.